குளுக்கோமா ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவோட கண் பிரஷர் 4தான் இருக்கு, பார்வையும் மங்கிருச்சு, இது சரியாகுமா?

மழைத்துளி:

வணக்கம். அப்பாவுக்கு 68 வயசு, ரெண்டு கண்ணுலயும் குளுக்கோமா. வலது கண்ணுல மூணு வகை சொட்டு மருந்து போட்டும் பிரஷர் 30க்கு கீழ இறங்கவே இல்ல, நரம்பு நிறைய பாதிச்சிருச்சு இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு சொல்லி ட்ராபெகுலெக்டமி பண்ணாங்க, மைட்டோமைசின் மருந்தும் வெச்சாங்களாம். மறுநாள் கட்டு பிரிச்சப்ப பிரஷர் 9, வீட்ல எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. அடுத்த செக்கப்புல பாத்தா 4. அதுக்கப்புறம் பாத்தப்பவும் 4தான்.

இத்தன வருஷம் பிரஷர் ஏறக்கூடாது ஏறக்கூடாதுன்னே பயந்துட்டு இருந்தோம், இப்ப இறங்கிருச்சுன்னு பயப்பட வேண்டியிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தக் கண்ணால ஓரளவு நல்லாவே பாப்பாரு, இப்ப கலங்கல் தண்ணிக்குள்ள பாக்கற மாதிரி இருக்குங்கறாரு, கண்ண சிமிட்டினா ஒரு மாதிரி தெரியுது திரும்ப சிமிட்டினா வேற மாதிரி தெரியுதாம், ஓரத்துல வளைவா ஒரு கருப்பு நிழல் வேற தெரியுதாம். டாக்டர் உள்ள லைட் அடிச்சு பாத்தாரு, பி-ஸ்கேனும் (கண்ணுக்கு எடுக்கற அல்ட்ராசவுண்ட்) எடுத்தாரு, கோராய்டுல, அதாவது விழித்திரைக்கு பின்னாடி இருக்கற ரத்தக்குழாய் படலத்துல, தண்ணி கோத்திருக்கு, பிரஷர் மெதுவா ஏறினா தானா வடிஞ்சிடும்னு சொல்லி அட்ரோபின் சொட்டு மருந்து எழுதிக்குடுத்தாரு, ஸ்டீராய்டு சொட்டு மருந்தையும் அடிக்கடி போடச் சொன்னாரு.

எனக்கு குழப்பம் எங்கன்னா, அங்க உக்காந்திருந்தப்ப இதே ஆபரேஷன் பண்ண ஒரு அம்மாகிட்ட பேசினேன், அவங்களுக்கும் பிரஷர் கம்மியாயிருச்சாம் ஆனா அவங்களுக்கு ஸ்டீராய்ட குறைச்சிட்டாங்களாம். ஒரே பிரச்சனைக்கு ஒருத்தருக்கு கூட்டறாங்க ஒருத்தருக்கு குறைக்கறாங்க, எப்படி? டாக்டர்கிட்ட கேக்கலாம்னா வெளிய அவ்ளோ கூட்டம், ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்துட்டோம். 4ங்கறது எவ்ளோ ஆபத்து? எத்தன நாள் காத்திருக்கலாம்? வீட்ல நாங்க எதப் பாத்துக்கணும்? அப்பா பேசறதயே குறைச்சிட்டாரு, ஆபரேஷனே பண்ணியிருக்க வேணாமோன்னு நெனைக்கறாருன்னு தெரியுது. இதுல அனுபவம் இருக்கறவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.

தென்றல்_அம்மா:

மொதல்ல நீ பயப்படாதம்மா, அப்பாவுக்கு தைரியம் சொல்லு. எனக்கு ரெண்டு கண்ணுலயும் இதே ஆபரேஷன் ஆச்சு, மொதல் கண்ணுல உங்கப்பாவுக்கு இருக்கற அதே கதைதான், 3க்கும் 5க்கும் நடுவுல ரொம்ப நாள் கெடந்துச்சு. அந்த கருப்பு நிழல் எனக்கும் இருந்துச்சு, காலைல எந்திரிச்ச உடனே அது எவ்ளோ பெருசா இருக்குன்னு பாக்கறதே வேலையா போச்சு. மெல்ல மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கி காணாம போயிருச்சு, பார்வையும் திரும்பி வந்துச்சு.

இந்த ஆபரேஷன்ல மொதல் சில வாரம் பிரஷர் ரொம்ப கீழ போறது நிறைய பேருக்கு நடக்கறதுதான், பெரும்பாலும் புண்ணு ஆற ஆற தானா ஏறும். அட்ரோபின் போட்டா கிட்டத்துல இருக்கறது ஒண்ணும் தெரியாது, பேப்பர் படிக்க முடியாது, வெளிச்சம் பட்டா கூசும். அது மருந்தோட வேலை, கண்ணு கெட்டுப்போனதால இல்ல. இத அப்பாகிட்ட தெளிவா சொல்லு, நான் அது தெரியாம ராத்திரியெல்லாம் அழுதுட்டிருந்தேன், யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த அழுகை இல்லாம இருந்திருக்கும். இப்பவே புது கண்ணாடி போட ஓடாதீங்க, பிரஷர் நிலைக்கு வர்ற வரைக்கும் பவர் மாறிட்டே இருக்கும்.

ஸ்டீராய்டு விஷயம் எனக்கு சொல்லத் தெரியல, இங்க கண் ஆஸ்பத்திரில வேலை பாக்கற தம்பி ஒருத்தர் வருவாரு, அவரு சொல்வாரு.

ஸ்லிட்_லாம்ப்:

வந்துட்டேன் அம்மா. நான் ஆப்டோமெட்ரிஸ்ட், குளுக்கோமா பிரிவுல வேலை பாக்கறேன், டாக்டர் கிடையாது. அப்பாவோட கண்ண நான் பாக்கல, அதனால மருந்த மாத்தறது கூட்டறது எல்லாம் உங்க டாக்டர் சொல்றபடிதான். ஆனா அவர் சொல்றது ஏன்னு புரிஞ்சா மனசு கொஞ்சம் அடங்கும், அதுக்காக கொஞ்சம் விலாவாரியா எழுதறேன்.

கண்ணுக்குள்ள சிலியரி பாடின்னு ஒரு பகுதி நிமிஷத்துக்கு சுமாரா 2 மைக்ரோலிட்டர் கணக்குல தண்ணி சுரந்துட்டே இருக்கும், அது கருவிழிக்கு பின்னாடி இருக்கற முன்அறை வழியா வடிஞ்சு வெளிய போகும். தொட்டிக்கு தண்ணி வர்ற குழாயும் போற குழாயும் மாதிரி வெச்சுக்கங்க. குளுக்கோமால போற வழி அடைச்சிருக்கு. ட்ராபெகுலெக்டமில வெள்ளை விழியில சின்னதா ஒரு கதவு மாதிரி வெட்டி, அது வழியா தண்ணி மேல இருக்கற மெல்லிசு தோலுக்கு அடில போய் தேங்கற மாதிரி பண்றாங்க, மேல் இமைக்கு கீழ ஒரு சின்ன கொப்புளம் மாதிரி இருக்குமே அதுதான் பிளெப். அந்தக் கதவ தையல் போட்டு எவ்ளோ இறுக்கறாங்கங்கறதுலதான் எல்லாமே இருக்கு. இறுக்கமா போட்டா பிரஷர் இறங்காது, லூசா இருந்தா ரொம்ப இறங்கிரும். மைட்டோமைசின் எதுக்குன்னா அந்த வழி ஆறி மூடிக்காம இருக்க, அதனாலயே ஆற வேண்டிய எடமும் மெதுவாத்தான் ஆறும்.

இப்ப பிரஷர் கம்மின்னா டாக்டர் மொதல்ல தேடற கேள்வி ஒண்ணுதான், எதனால கம்மி. இதத்தான் நீங்களும் கேக்கணும், எவ்ளோ கம்மிங்கறத விட இதுதான் முக்கியம். பிளெப்போட மேல் தோல்ல எங்கயாவது ஓட்டை இருந்து தண்ணி கண்ணுக்கு வெளியவே ஒழுகுதா? ஓட்டை இல்ல ஆனா கதவு லூசா இருந்து தோலுக்கு அடில அளவுக்கு மேல போகுதா? இல்ல வடியறது சரியாத்தான் இருக்கு, சுரக்கறதே கம்மியாயிருச்சா? இந்த மூணுக்கும் மருந்து ஒண்ணு கிடையாது.

ஒழுகுதான்னு பாக்க சைடல் டெஸ்ட்னு ஒண்ணு பண்ணுவாங்க. ஃப்ளூரசின்ங்கற ஆரஞ்சு கலர் சாயப்பட்டைய பிளெப் மேல லேசா தடவிட்டு நீல வெளிச்சத்துல பாக்கணும். ஓட்டை இல்லேன்னா சாயம் அப்படியே இருக்கும். ஒழுகினா அந்த எடத்துல தண்ணி வந்து சாயத்த கரைக்கும், அடர்த்தியா இருக்கற சாயத்துக்கு நடுவுல பளிச்னு பச்சையா ஒரு சின்ன ஓடை இறங்கும். நான் தினமும் பாக்கறது இது, சில சமயம் ஓடை உடனே தெரியாது, கொஞ்ச நேரம் பொறுமையா பாத்துட்டே இருந்தாத்தான் மெல்ல ஊறி வரும்.

இப்ப உங்க ஸ்டீராய்டு கேள்விக்கு வர்றேன். ஸ்டீராய்டு புண்ணு ஆறறத மெதுவாக்கும். அந்த அம்மாவுக்கு ஓட்டையோ லூசோ இருந்திருக்கலாம், அங்க சீக்கிரம் ஆறணும், அதனால குறைச்சிருப்பாங்க. உங்கப்பாவுக்கு கோராய்டுல தண்ணி கோத்திருக்குன்னு சொல்றீங்க. பிரஷர் ரொம்ப இறங்கினா கோராய்டுல இருக்கற ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு கோராய்டுக்கும் வெள்ளை விழிக்கும் நடுவுல தேங்கும், அந்த மேடுதான் அவருக்கு ஓரத்துல நிழலா தெரியறது. அந்த நீர் முன்னாடி வரைக்கும் பரவினா சிலியரி பாடியையும் தூக்கி விட்டுரும், அப்ப அது சுரக்கறத குறைச்சிரும், சுரக்கறது குறைஞ்சா பிரஷர் இன்னும் இறங்கும், இன்னும் நீர் கோக்கும். இப்படி சுத்திக்கிட்டே இருக்கும். இதுல உள் வீக்கமும் இருந்தா நிலைமை இன்னும் மோசம். அந்த சுத்த உடைக்கத்தான் ஸ்டீராய்ட கூட்டறதும் அட்ரோபின் போடறதும். ஆக ரெண்டு டாக்டரும் சரியாத்தான் பண்ணியிருக்காங்க, ரெண்டு கண்ணுலயும் காரணம் வேற.

அட்ரோபின் வெறும் கண் பாப்பாவ பெருசாக்கறதுக்கு இல்ல. உள்ள இருக்கற தசைய தளர வெச்சு லென்ஸயும் பாப்பாவ சுத்தி இருக்கற ஐரிஸயும் பின்னாடி தள்ளும், முன்அறை ஆழமாகும். பிரஷர் கம்மியான கண்ணுல முன்அறை ஒடுங்கறதுதான் பெரிய பயம், ஐரிஸ் ஓரத்துல மட்டும் கருவிழிய தொட்டா பாத்துக்கலாம், லென்ஸே வந்து கருவிழிய தொட்டிருச்சுன்னா அன்னிக்கே ஏதாவது பண்ணியாகணும், விட்டா கருவிழியும் கெடும் கேட்டராக்டும் வந்துரும்.

இன்னொண்ணு கேக்கணும், இடது கண்ணுக்கு என்ன மருந்து போடறாரு? டிமோலால் மாதிரி மருந்து ஒரு கண்ணுல போட்டாலும் ரத்தத்துல கலந்து அடுத்த கண்ணோட பிரஷரயும் கொஞ்சம் குறைக்கும். அசிட்டசோலமைடு மாத்திரை சாப்பிட்டா ரெண்டு கண்ணுலயும் சுரக்கறது குறையும். பழைய சீட்டுல இருந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லாததால தொடர்ந்து சாப்பிட்டுட்டு இருக்கறவங்கள நான் பாத்திருக்கேன். நீங்களா எதையும் நிறுத்திராதீங்க, இடது கண்ணுலயும் குளுக்கோமா இருக்கு. எல்லா மருந்தயும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் முன்னாடி வெச்சுக் கேளுங்க.

மழைத்துளி:

அண்ணா ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. அம்மா உங்களுக்கும் நன்றி, நீங்க எழுதினத அப்பாவுக்கு படிச்சே காட்டினேன், அட்ரோபினாலதான் பேப்பர் தெரியலன்னதும் முகமே மாறிருச்சு, "அத மொதல்லயே சொல்லக்கூடாதா"ன்னாரு.

ஆமா, இடது கண்ணுக்கு டிமோலால்தான் போடறாரு. மாத்திரை ஆபரேஷனோட நிறுத்தியாச்சு. சாயம் தடவி நீல லைட்ல பாத்தாங்க, ஒழுகலன்னு சொன்னதா ஞாபகம். இன்னும் ரெண்டு சந்தேகம். அப்பாவுக்கு நாள்பட்ட இருமல் இருக்கு, மலச்சிக்கலும் உண்டு. இதய டாக்டர் எழுதின ஆஸ்பிரின் மாத்திரையும் சாப்பிடறாரு. இதெல்லாம் கண்ணுக்கு ஏதாவது பண்ணுமா? ஆபரேஷனுக்கு முன்னாடி கேட்டாங்க, இப்ப யாரும் கேக்கல.

நெடுஞ்சாலை:

நானும் சொல்லலாமா சகோ. என் கேஸ் வேற, எனக்கு 30 வயசு, மைனஸ் 9 பவர். எனக்கு முன்அறை நல்லா இருந்துச்சு, கோராய்டுல தண்ணியும் இல்ல, வலி இல்ல சிவப்பு இல்ல, பிரஷர் மட்டும் 5. வெளிய இருந்து பாத்தா கண்ணு அவ்ளோ அழகா அமைதியா இருக்கும். ஆனா படிக்கும்போது வரியெல்லாம் நெளிஞ்சு தெரிஞ்சுச்சு, கதவு நிலைய பாத்தா நடுவுல வளைஞ்ச மாதிரி இருக்கும். ரெட்டினாவ (விழித்திரை) அடுக்கடுக்கா காட்டற ஓசிடி ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சுது, மாகுலால, அதாவது ரெட்டினாவோட நடுப்பகுதில, மடிப்பு மடிப்பா விழுந்திருக்கு. ஹைபோட்டனி மாகுலோபதி, அதாவது பிரஷர் ரொம்ப இறங்கினதால மாகுலா கெடறதுன்னு சொன்னாங்க. ஸ்கேன்ல நேர் கோடா இருக்க வேண்டியது அலை அலையா இருந்துச்சு, அத பாத்ததும் எனக்கு கை காலெல்லாம் வெலவெலத்துருச்சு.

வயசு கம்மியா இருக்கறவங்களுக்கும் மைனஸ் பவர் அதிகமா இருக்கறவங்களுக்கும் இது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, ஏன்னா வெள்ளை விழி மெல்லிசா வளையற மாதிரி இருக்கும், உள்ள அழுத்தம் இல்லேன்னா அது சுருங்கி உள்வாங்கும், உள்ள ஒட்டியிருக்கற கோராய்டும் ரெட்டினாவும் மடிஞ்சிரும். வயசானவங்களுக்கு வெள்ளை விழி விறைப்பா இருக்கறதால அதே பிரஷர்ல ஒண்ணும் ஆகாம இருக்கலாம்.

எனக்கு மொதல்ல பெரிய சைஸ் பேண்டேஜ் கான்டாக்ட் லென்ஸ் போட்டு பாத்தாங்க, ஏறல. அப்புறம் ஆபரேஷன் தியேட்டர்ல வெச்சு பிளெப்புக்கு மேலயே தோல் வழியா அந்தக் கதவுக்கு கூடுதலா தையல் போட்டாங்க. பழையபடி எல்லாத்தயும் திறக்க வேண்டியதில்ல, மரத்துப்போக மருந்து போட்டு கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருச்சு. மறுநாள் பிரஷர் 28! எனக்கு தலையே சுத்திருச்சு, இதுக்கா இவ்ளோ பட்டோம்னு. டாக்டர் சிரிச்சுக்கிட்டே இது எதிர்பாத்ததுதான், கொஞ்ச நாள் மேல இருக்கட்டும், மடிப்பு நிமிரட்டும்னாரு. அப்புறம் தேவைக்கு ஏத்த மாதிரி ஒரு தையல லேசர்ல வெட்டி விட்டு 11ல கொண்டு வந்து நிறுத்தினாரு. மடிப்பு போயிருச்சு. நெளிவு நேரா ஆக நாளாச்சு, இப்பவும் சின்ன எழுத்துல லேசா ஒரு அலை இருக்கு, ஆனா வேலை பாக்கறேன் வண்டி ஓட்டறேன்.

நான் இத எழுதறதுக்கு காரணம், அப்பாவுக்கு நேர்கோடு நெளிஞ்சு தெரியுதான்னு கேளுங்க. ஒரு கண்ண மூடிட்டு ஜன்னல் கம்பியவோ கட்டம் போட்ட பேப்பரயோ பாக்கச் சொல்லுங்க. அப்படி இருந்தா ஓசிடி எடுக்கச் சொல்லி கேளுங்க. மடிப்பு ரொம்ப நாள் அப்படியே கெடந்தா நிரந்தரமாகிரும், அதனால மாகுலால மடிப்பு இருக்கற கேஸ்ல சும்மா காத்துட்டே இருக்கக் கூடாதுன்னு எனக்கு சொன்னாங்க.

ஸ்லிட்_லாம்ப்:

நெடுஞ்சாலை சகோ சொன்னது அத்தனையும் முக்கியம். 4 எவ்ளோ ஆபத்துங்கற கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கு. புத்தகத்துல 5ம் அதுக்கு கீழயும்னா ஹைபோட்டனின்னு போட்டிருப்பாங்க, ஆனா 4ல இருந்துட்டு வருஷக்கணக்கா நல்லா பாக்கறவங்களும் இருக்காங்க, 6லயே மாகுலா மடிஞ்சவங்களும் இருக்காங்க. கருவிழி மெல்லிசா இருந்தா மெஷின் உண்மையான பிரஷர விட கம்மியாவே காட்டும். அதனால டாக்டர் நம்பர மட்டும் பாக்கறதில்ல. முன்அறை எவ்ளோ ஆழம், கோராய்டு மேடு ஏறுதா இறங்குதா, மாகுலா தட்டையா இருக்கா, பார்வை எப்படி, இந்த நாலும் நல்லா இருந்தா நம்பர் 4 ஆனாலும் காத்திருப்பாங்க. இதுல ஒண்ணு கெட ஆரம்பிச்சாலும் காத்திருக்க மாட்டாங்க. அடுத்த தடவை போறப்ப பிரஷர் எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு வராம இந்த நாலயும் கேளுங்க. ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்னாலும் இந்தக் கேள்விக்கு அது போதும்.

கோராய்டு தண்ணி பெரும்பாலும் மருந்துலயே வடிஞ்சிரும், சில வாரம் ஆகலாம். வடியலன்னா, இல்ல ரெண்டு பக்கத்து மேடும் பெருசாகி நடுவுல ஒண்ணோட ஒண்ணு தொடற நிலைக்கு வந்தா, வெள்ளை விழில சின்னதா கீறி அந்த நீர வெளிய எடுப்பாங்க. முன்அறை ஒடுங்கினா ஜெல் மாதிரி ஒரு பொருள ஊசில ஏத்தி அறைய நிமித்துவாங்க. தையல் வழிய சகோவே சொல்லிட்டாரு. ஆக மருந்து கேக்கலன்னா கைவிட்ட கேஸ்னு அர்த்தம் இல்ல, அதுக்கு மேல படிப்படியா நிறைய இருக்கு.

இருமலும் மலச்சிக்கலும் பத்தி நீங்க கேட்டது ரொம்ப சரியான கேள்வி. மூச்ச அடக்கி முக்கும்போதும் பலமா இருமும்போதும் தலைல ரத்தக்குழாய் அழுத்தம் சட்னு ஏறும். பிரஷர் கம்மியான கண்ணுல கோராய்டு ரத்தக்குழாய் ஏற்கனவே இழுபட்டு இருக்கும், அது அந்த நேரத்துல உடைஞ்சு உள்ள ரத்தம் பீய்ச்சிரும் அபாயம் இருக்கு. அபூர்வம்தான், ஆனா வந்தா பார்வைய பறிச்சிரும். அதனால இருமலுக்கும் மலம் இளகறதுக்கும் இப்பவே மருந்து வாங்குங்க, தாங்கிக்கலாம்னு இருக்க வேணாம். இருமலுக்கு காரணம் டிமோலாலா இருக்குமான்னும் டாக்டர்கிட்ட கேளுங்க, ஆஸ்துமா மாதிரி மூச்சுப் பிரச்சனை இருக்கறவங்களுக்கு அந்த மருந்து ஆகாது. ஆஸ்பிரின நீங்களா நிறுத்தவே கூடாது, இதயத்துக்கு எழுதினது அது, நிறுத்தணுமா வேணாமான்னு கண் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும். ஆனா அவர் சாப்பிடறாருங்கறது கண் டாக்டருக்கு இப்ப ஞாபகத்துல இருக்கணும், சொல்லிருங்க.

திடீர்னு கண்ண பிளக்கற மாதிரி வலி, கூடவே குமட்டல் வாந்தி, பார்வை சட்னு இருண்டு போறது, இப்படி எது வந்தாலும் ராத்திரி எந்த நேரமா இருந்தாலும் கெளம்பிருங்க, காலைல பாக்கலாம்னு விடாதீங்க.

அட்ரோபின் பத்தி ஒண்ணு விட்டுட்டேன். வயசான ஆம்பளைங்களுக்கு, முக்கியமா புராஸ்டேட் தொந்தரவு இருந்தா, இது உடம்புல கலந்து சிறுநீர் இறங்காம பண்ணலாம், வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், சிலருக்கு குழப்பமா பேச்சு வரும். சொட்டு விட்டதும் கண்ண மூடி மூக்கோரமா இருக்கற எலும்புப் பக்கத்துல விரல் வெச்சு ஒரு ரெண்டு நிமிஷம் லேசா அழுத்தினா உடம்புக்குள்ள போறது குறையும். விரல் மூக்கெலும்பு மேலதான் இருக்கணும், கண்ணு மேல படவே கூடாது. ஆபரேஷன் பண்ண கண்ணுல இத எப்படி செய்யணும்னு நர்ஸ்கிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லிட்டு அப்புறம் வீட்ல பண்ணுங்க.

கரையோரம்:

என் அம்மாவுக்கு கண்ணுல இருந்து தண்ணி வடிய சின்ன ட்யூப் வெச்ச ஆபரேஷன். ட்ராபெகுலெக்டமி இல்ல, ஆனாலும் இதப் படிக்கறவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன். வால்வு இல்லாத ட்யூப்ல மொதல்ல தண்ணி போகாம நூல் போட்டு கட்டி வெச்சிருப்பாங்க, அது கரையற நூல், நாலஞ்சு வாரத்துக்கு மேல தானா கரைஞ்சு ட்யூப் தொறந்துக்கும். அந்த சமயத்துல பிரஷர் தடால்னு விழலாம். அம்மாவுக்கு அது வரைக்கும் பிரஷர் கொஞ்சம் அதிகமாவே இருந்ததால சொட்டு மருந்து போட்டுட்டு இருந்தோம், நூல் கரையற வாரத்துல கண்ணு மங்குதுன்னாங்க, உடனே கூட்டிட்டுப் போனதால பிரஷர் மருந்தெல்லாம் நிறுத்தி அட்ரோபின் குடுத்து சமாளிச்சாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சே இனிமே என்னன்னு ட்யூப் வெச்சவங்க அசந்துறக் கூடாது.

அப்புறம் ரொம்ப முக்கியமா ஒண்ணு. சில பேருக்கு ட்ராபெகுலெக்டமிக்கு அப்புறம் பிரஷர் ஏறினா கண்ண மசாஜ் பண்ணச் சொல்லித் தருவாங்க, இமை மேல விரல் வெச்சு அழுத்தறது. அது பிரஷர் ஏறினவங்களுக்கு, அதுவும் டாக்டர் சொன்னா மட்டும். வீடியோல பாத்துட்டு எல்லாரும் பண்றாங்க. பிரஷர் 4 இருக்கற கண்ண அழுத்தினா இருக்கற தண்ணியும் வெளிய போயிரும். அப்பாவுக்கு யாராவது சொந்தக்காரங்க அப்படி யோசனை சொன்னா தயவுசெஞ்சு தடுத்துருங்க. தூங்கும்போது பிளாஸ்டிக் மூடிய போட்டுத்தான் படுக்கணும், தூக்கத்துல கை தானா கண்ண தேய்க்கப் போகும். அந்தக் கண்ணுப் பக்கமா ஒருக்களிச்சு படுக்கக் கூடாது, தலைமாட்ட கொஞ்சம் தூக்கி வெச்சா நல்லது. குனிஞ்சு செருப்பு மாட்டறது, குடம் தூக்கறது, இதெல்லாம் வேற யாராவது செய்யட்டும்.

தென்றல்_அம்மா:

மசாஜ் பத்தி சொன்னதுக்கு நன்றிம்மா, என்கிட்டயும் ஒருத்தங்க அப்படித்தான் சொன்னாங்க. இன்னொண்ணு, காலைல தலையணை ஈரமா இருக்கா, கன்னத்துல தண்ணி வழியுதான்னு பாரு. ஒழுகலன்னு அன்னிக்கு சொன்னாலும் நடுவுல ஓட்டை விழலாம், எனக்கு ரெண்டாவது கண்ணுல அப்படித்தான் ஆச்சு, கண்ணீர்னு நெனச்சத பாத்தா உள்ள இருந்து வந்த தண்ணி. பேண்டேஜ் லென்ஸ் போட்டே ஆறிருச்சு.

மழைத்துளி:

எல்லாருக்கும் அப்டேட். நேத்து செக்கப். மருந்து எல்லாம் பையில எடுத்துட்டுப் போனேன், அண்ணா சொன்ன நாலு கேள்வியும் பேப்பர்ல எழுதி வெச்சிருந்தேன். டாக்டர் பேப்பர வாங்கி அவரே ஒவ்வொண்ணா படிச்சு பதில் சொன்னாரு. பிரஷர் 7. முன்அறை ஆழமா இருக்கு. கோராய்டு மேடு ஒரு பக்கம் முழுசா வடிஞ்சிருச்சு, இன்னொரு பக்கம் பாதி இருக்கு. ஜன்னல் கம்பி நேராத்தான் தெரியுது, இருந்தாலும் ஓசிடி எடுத்தாங்க, மடிப்பு இல்ல. இடது கண்ணுக்கு டிமோலால நிறுத்திட்டு வேற சொட்டு மருந்து மாத்திக் குடுத்திருக்காரு, இருமல கேட்டதும் அதான் நல்லதுன்னாரு. ஆஸ்பிரின் தொடரட்டும், இதய டாக்டர்கிட்ட நானே பேசறேன்னாரு. ஸ்டீராய்ட இனிமே படிப்படியா குறைக்கணுமாம், எப்ப எத்தன தடவைன்னு அட்டவணை போட்டுக் குடுத்தாரு. அட்ரோபின் இன்னும் கொஞ்ச நாள்.

அப்பா இன்னிக்கு காலைல அவரே அந்த நிழல் சின்னதாயிருச்சுன்னு சொன்னாரு. இன்னும் மங்கல் இருக்கு, ஆனா பேசறாரு. நெடுஞ்சாலை சகோ, உங்க கண்ணு முழுசா சரியாகணும்னு அப்பாவும் சொல்லச் சொன்னாரு.

ஸ்லிட்_லாம்ப்:

ரொம்ப சந்தோஷம். 7ல நிலைச்சாலும் அவ்ளோ பாதிச்ச நரம்புக்கு அது நல்ல நம்பர், மேல ஏறணும்னு ஆசப்படாதீங்க. ஸ்டீராய்டு அட்டவணைய நல்லாயிருச்சுன்னு நடுவுல விட்டுறாதீங்க, நீங்களா நிறுத்தினா வீக்கம் திரும்ப வந்து பிளெப் மூடிக்கும், அப்ப பிரஷர் அந்தப் பக்கம் ஏறும்.

இனிமே வாழ்நாள் பூரா ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஒண்ணு. பிளெப் மேல இருக்கறது மெல்லிசு தோல், மைட்டோமைசின் வெச்ச பிளெப் இன்னும் மெல்லிசு. எத்தன வருஷம் கழிச்சும் அது வழியா கிருமி உள்ள போகலாம். கண்ணு செவந்து, வெளிச்சம் கூசி, பீளை தள்ளி, பார்வை மங்குச்சுன்னா மெட்ராஸ் ஐன்னு நெனச்சு கடைல சொட்டு மருந்து வாங்கிப் போடாதீங்க. அன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தக் கண்ணுல ட்ராபெகுலெக்டமி பண்ணியிருக்குங்கறத மொதல் வார்த்தையா சொல்லணும். வேற ஊருக்குப் போனாலும் காட்டற மாதிரி ஆபரேஷன் சீட்டோட போட்டோ ஒண்ணு அப்பா போன்லயும் உங்க போன்லயும் இருக்கட்டும்.